ஒல்லிப் புத்தகங்கள்

தையற்கடையைத் தாண்டும்போது கத்தரிக்கோல் நூலை நறுக்கும் சத்தம் காதில் விழுந்தால் நின்றுவிடுகிறேன். மிகச் சின்னச் சத்தம். பக்கத்தில் போகிற ஆட்டோவின் இரைச்சலில் அது கரைந்துபோக வேண்டும். கரைவதில்லை. எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் செத்துக்கிடக்கிறார், செய்தது யார் என்று இன்னும் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், அதற்குள் நான் ஒரு பெயரைத் தாளில் எழுதி மடித்துத் தந்தாக வேண்டும். உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. ஐம்பதை நெருங்குகிற ஆளுக்கு, வெயிலில், சென்னை நடைபாதையில்.

அந்த வியர்வை என் அக்கா பழக்கியது.

நெய்வேலியில் நாங்கள் வளர்ந்தபோது மெயின் பஜாரில் ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்தது. அதில் ஓர் அலமாரி முழுக்கத் துப்பறியும் நாவல்கள். ஒரு பங்களா, பத்துப் பன்னிரண்டு பேர், முதல் அத்தியாயத்திலேயே ஒரு பிணம். அதன் பிறகு தோட்டக்காரன் முதல் மாமியார் வரை யாரையும் நம்ப முடியாது. மூன்று நாளில் திருப்பித் தர வேண்டும். எங்களுக்கு முன் படித்த எவனோ ஒரு புண்ணியவான் சில புத்தகங்களின் முதல் பக்கத்திலேயே 'டாக்டர்தான் கொலைகாரன்' என்று பேனாவால் எழுதிவைத்திருப்பான். அவனைப் பிடிக்க அக்கா மாதக்கணக்கில் கையெழுத்து ஆராய்ச்சி செய்தாள். அகப்படவில்லை. அவனைவிடப் பெரிய எதிரியாக வீட்டுக்குள்ளேயே நான் இருந்தேன். எனக்குப் பொறுமை கிடையாது, பாதியிலேயே கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். அதனால் அவள் முதலில் படித்துவிட்டு, கடைசி அத்தியாயத்தின் ஓரத்தை வெள்ளை நூலால் தைத்த பிறகுதான் புத்தகத்தை என்னிடம் தருவாள். ஐந்து தையல், ஒரு முடிச்சு. தையல்வரை படித்துவிட்டு நான் அவளிடம் போக வேண்டும். அவள் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருப்பாள். காலண்டர் தாளின் பின்பக்கம் என் சந்தேகத்தை எழுதிக் கொடுத்தால்தான் நூல் அறும்.

"யாருடா?"

"தோட்டக்காரன்."

"ஏன்?"

"மூஞ்சியே சரியில்ல அவனுக்கு."

"மூஞ்சி சரியில்லன்னு தூக்குல போட்டா நம்ம ப்ளாக்ல பாதிப் பேரு மிஞ்ச மாட்டாங்க. யாரு எந்நேரம் எங்க இருந்தான்னு சொல்லு. அதான் காரணம். மத்ததெல்லாம் வெறும் வாயி."

அவளுக்குப் பதினான்கு வயது அப்போது. எனக்கு ஒன்பது.

யோசித்துப் பார்த்தால் எங்கள் டவுன்ஷிப்பே அப்படியொரு கதைக்காகக் கட்டிய மாதிரி இருந்தது. ஒரே அச்சில் வார்த்த வீடுகள். சுரங்கத்துச் சங்கு ஊதினால் யார் போகிறார், யார் வருகிறார் என்று தொட்டில் குழந்தைக்கும் தெரியும். இன்னார் வீட்டில் இந்த வாரம் நைட் ஷிஃப்ட், ஆகவே பகலில் அந்த ஜன்னலோரம் பந்து விளையாடக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மணிக்கும் சாட்சி உண்டு. ஒருமுறை அப்பா ஷிஃப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் வந்து, இரண்டு வீடு தள்ளியிருந்த குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்து, அங்கிருந்த கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டார். கட்டில்கூட அதே மூலையில் அதே மாதிரி கிடந்ததாம். அந்த வீட்டம்மா அவர்மேல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு வந்து அம்மாவிடம், "உங்க வூட்டுக்காரர் எங்க வூட்ல தூங்கறாருங்க, எழுப்பட்டுமா, வுட்டுடட்டுமா?" என்று கேட்டார். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, பிறகு திடீரென்று நிறுத்தி, "ஒருத்தன் வேணும்னே இப்படி வூடு மாறிப் போனா யாருமே சந்தேகப்பட மாட்டாங்க இல்ல?" என்றாள்.

அவளுடைய முதல் வழக்கு ஒரு பலாப்பழம். பக்கத்து வீட்டுக் கொல்லையில் பழுக்கக் காத்திருந்தது காணாமல்போனது. அந்த வீட்டம்மா தெருவையே சபித்தார். அக்கா போய் மூன்றே கேள்விகள் கேட்டாள்: கடைசியாக எப்போது பார்த்தீர்கள், எப்போது காணோம், அந்த நேரத்தில் எந்த ஷிஃப்ட் ஆட்கள் வீட்டில் இருந்தார்கள். பிறகு ஒவ்வொரு வாசலாக நடந்து சைக்கிள்களை முகர்ந்தாள். பலாப்பால் கையில் ஒட்டினால் எங்கள் பக்கம் மண்ணெண்ணெய் போட்டுத்தான் துடைப்பார்கள். சபித்த அம்மாவின் கணவருடைய ஹேண்டில்பாரில்தான் அந்த வாசம் வந்தது. தன் செக்‌ஷன் ஆட்களுக்குக் கொடுக்க அவரே அறுத்துக்கொண்டு போயிருக்கிறார். அக்கா இதை யாரிடமும் சொல்லவில்லை. அவரைத் தனியாகப் பார்த்து, "ஹேண்டில்ல மண்ணெண்ண வாசம் வருதுங்க, தொடச்சிடுங்க" என்று மட்டும் சொன்னாள். கண்டுபிடிப்பது ஒன்று, கூட்டத்தில் போட்டு உடைப்பது இன்னொன்று என்பது அவள் கட்சி.

அப்பா வேலை நேரத்தில் இறந்தார். கையில் டீ கிளாஸ் இருந்ததாம். வாரிசு வேலை அக்காவுக்கு வந்தது. சுரங்கத்தின் டைம் ஆபீஸில் உட்கார்ந்து யார் எப்போது உள்ளே போனார், எப்போது வெளியே வந்தார் என்று பார்க்கிற வேலை. அவளுக்கென்றே செய்த மாதிரி. அந்தச் சம்பளத்தில்தான் நான் சென்னையில் படித்தேன். அப்பா இறந்த வருடம் அவள் எந்த வருடத்தையும்விட அதிகமாக அந்த நாவல்களைப் படித்தாள். அம்மாவுக்கு எரிச்சலாக இருந்தது, சாவு வீட்டில் என்ன கொலைக் கதை என்று. எனக்கும் புரியவில்லை. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"கவனிச்சியா? இந்தக் கதையில பொணம் வுழுந்த ஒடனே யாரும் அழ மாட்டாங்க. கேள்வி கேக்க ஆரம்பிச்சுடுவாங்க. கடைசியில யாரோ ஒருத்தன எழுப்பி நிக்க வெச்சு, நீதான்டா பண்ணன்னு சொல்லிடுவாங்க. எல்லாரும் எழுந்து சாப்புடப் போயிடுவாங்க. நம்ம அப்பாவுக்கு யார எழுப்பி நிக்க வைக்கறது?"

இத்தனை வருடத்தில் இந்தக் கதைகளைப் பற்றி எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். மூளைக்கு வேலை என்பார்கள், சதுரங்கம் மாதிரி என்பார்கள். இருக்கலாம். எனக்கு அக்கா சொன்னதற்கு மேல் ஒன்றும் தோன்றியதில்லை. ஒரு சாவுக்குப் பதில் உண்டு என்று நம்பவைக்கிறவை அவை. தடயமெல்லாம் கண்முன்னேயே கிடக்கிறது, நீ சரியாகப் பார்க்கவில்லை, அவ்வளவுதான், பொறுமையாக இருந்தால் கடைசியில் எல்லாம் நேராகிவிடும் என்று தோளைத் தட்டிச் சொல்கின்றன. வாழ்க்கை ஒருநாளும் அப்படித் தட்டியதில்லை. ஆகவே ஜனங்கள் படிக்கிறார்கள். ஷிஃப்ட் பஸ்ஸில் படிக்கிறார்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் படிக்கிறார்கள்.

அப்படியொரு வராந்தாவில்தான், இரண்டு வருடத்துக்கு முன், ஒரு கோடையில், நானும் மாமாவும் நின்றோம். மாமா என்றால் அக்காவின் கணவர். தென்காசிப் பக்கத்து ஆள், நெய்வேலி அனல்மின் நிலையத்தில் வேலை. புதுச்சேரியில் ஒரு டாக்டர் எங்களை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். எவ்வளவு நாள் என்று கேட்டோம். அவர் நாளில் பதில் சொல்லவில்லை. "தீபாவளி வரைக்கும் பாக்கலாம்" என்றார். மாமா சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவகிட்ட சொல்ல வேண்டாம்ல. பிள்ளைக்குப் பரீட்சை வேற இருக்கு. வேற என்னமாச்சும் நீயே சொல்லு. நீ சொன்னா நம்புவா" என்றார்.

எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இப்படித்தான். நோய் யாருக்கோ அவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் தெரியும். இதை நாங்கள் அன்பு என்று அழைக்கிறோம். நான் உள்ளே போய் அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, குடலில் புண், ஆறு மாதம் மருந்து சாப்பிட்டால் ஆறிவிடும் என்று சொன்னேன். குரல் பிசகவில்லை. அவள், "புண்ணுதானா? சரி, காரம் கூடாதா?" என்றாள். கூடாது என்றேன். அந்த நாவல்களின் கொலைகாரர்கள்கூட என்னளவுக்கு நிதானமாகப் பொய் சொல்லி நான் படித்ததில்லை.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் சென்னையிலிருந்து பஸ் ஏறி நெய்வேலி ஆர்ச் கேட்டில் இறங்கினேன். பையில் அவளுக்குப் பழைய புத்தகக் கடையில் எடுத்த துப்பறியும் நாவல்கள் இருக்கும். அவள் படித்தாள். வழக்கம்போல் மதிப்பெண் போட்டாள்: "இவனுக்குக் கொல செய்யத் தெரியல", "இந்த துப்பறியறவன் என்னத்துக்கு இவ்ளோ மீச வெச்சிகினு இருக்கான்?" மாமா மாத்திரை டப்பாக்களின் லேபிளைக் கிழித்தார். அவள் மகள், கல்லூரிக் கடைசி வருடம், குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எங்கள் நாடகம் பிரமாதமாக நடந்துகொண்டிருந்தது. புத்தகத்தில் ஒருவனுக்கு மட்டும் உண்மை தெரியும், பன்னிரண்டு பேர் இருட்டில். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஒருத்தி மட்டும் இருட்டில் என்று நினைத்தேன். இப்படிக் கணக்காக நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு கேவலமான திருப்தி இருந்ததையும் எழுதிவிட வேண்டும்.

மூன்று மாதம் போனது. மகளின் பரீட்சை முடிந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அக்கா ஹாலில் நாற்காலிகளைப் போடச் சொன்னாள். எதிர் குவார்ட்டர்ஸ் பாய் வீட்டம்மாவையும் கூட்டிவரச் சொன்னாள். அவர் மீன் கழுவிய கையோடு வந்தார். அக்கா பிரம்பு நாற்காலியில் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாள். நைட்டிக்கு மேல் துண்டு. கன்னம் ஒட்டிப்போயிருந்தது, கண் மட்டும் பதினான்கு வயதில் இருந்தது.

"எல்லாரும் வந்தாச்சா? யாரும் வெளிய போவக் கூடாது."

"ஏட்டி, அடுப்புல குக்கர் கெடக்கு" என்றார் மாமா.

"அமத்திட்டு வாங்க."

அவர் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இந்த வூட்டுல மூணு மாசமா ஒரு சதி நடந்துகினு இருக்குது" என்று ஆரம்பித்தாள்.

மாமா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"என்னங்க, மொதல்ல நீங்க. கல்யாணத்துக்கு மறுநாளே நைட் ஷிஃப்ட் போன மனுஷன். ஒரு நாள் ஷிஃப்ட மாத்திக் கேட்டதில்ல. இப்ப ஜெனரல் ஷிஃப்ட் வாங்கினு வந்து எனக்கு ரசம் வைக்கறீங்க. குடல் புண்ணுக்கா?"

"ரசம் வயித்துக்கு நல்லதுல்லா..."

"நல்லதுதான், உப்பு போட்டிருந்தா. அப்புறம் டப்பா. லேபிளக் கிழிச்சீங்க. மாத்திர அட்டையில பேரு அச்சடிச்சிருக்குதே, அத யாரு கிழிக்கறது? திருடத் தெரிஞ்சவனுக்கு ஒளிக்கவும் தெரியணும்." அவள் எதிரே திரும்பினாள். "யக்கா, நீங்க. எங்க முந்திரி மரத்து எல உங்க வாசல்ல வுழுதுன்னு வருஷம் பூரா எங்கூட சண்ட. இப்ப என் வாசலையும் சேத்துப் பெருக்கறீங்க."

"அல்லாவே, அது சும்மா, டாக்டரு குனிஞ்சி நிமிரச் சொன்னாரும்மா எனக்கு" என்றார் பாய் வீட்டம்மா. சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்த வழியிலேயே அழுகையும் வந்தது. மீன் கையால் முகத்தைத் துடைக்க முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டார்.

"இவ" என்று மகளைக் காட்டினாள். "ஏழாவதுலேர்ந்து தலையில எண்ண வைக்க வுடாதவ. இப்ப தெனம் கிண்ணத்த எடுத்துகினு என் முன்னாடி வந்து உக்காந்துக்கறா. ஃபோனக் கூடப் பாக்கறதில்ல. எந்தப் பொண்ணுடி அம்மாவுக்குப் புண்ணுன்னா இவ்ளோ நல்லவளா மாறுவா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். வகிட்டில் எண்ணெய் மினுங்கியது.

"இவங்கெல்லாம் சில்லறை. முக்கியக் குற்றவாளி அதோ." அவள் விரல் என்னிடம் வந்து நின்றது. "தம்பி. உன் வாயி ஒண்ணையும் காட்டிக் குடுக்கல. நல்லாப் பொய் சொன்ன. உன் பைதான் காட்டிக் குடுத்துச்சு."

"என் பையா?"

"முன்னெல்லாம் தலவாணி மாதிரி புக்கா எடுத்துகினு வருவ. அஞ்சூறு பக்கம், அறுநூறு பக்கம். மூணு மாசமா எல்லாம் ஒல்லி. நூத்தம்பது பக்கம், நூத்தி இருபது. போன வாரம் எம்பது." அவள் மூச்சு வாங்கினாள். "இதுக்கு மேல முடிக்க மாட்டேன்னு நெனச்சியாடா?"

நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. அந்தப் புத்தகக் கடையில், குவியலுக்கு முன் குந்தியிருந்தபோது, தடித்த புத்தகங்களை என் கை தானாகத் தாண்டிப் போயிருக்கிறது. என் வாய் பொய் சொல்லும்போது என் கை டாக்டரை நம்பியிருக்கிறது. ஒரு வாசகியைக் கொல்ல இதைவிடக் கேவலமான ஆயுதம் இல்லை. நான் எழுந்து போகப் பார்த்தேன். "உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன்.

"எப்பலேர்ந்து தெரியும்மா?" என்று மகள் கேட்டாள்.

"மொத வாரத்துலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"உனக்குப் பரீட்ச. உங்கப்பா பெரிய ரகசியத்தக் காப்பாத்தறோம்னு தெம்பா சுத்திகினு இருந்தாரு, அத ஏன் கெடுப்பானேன்னு வுட்டேன். தாங்கிக்கலாம்னுதான் பாத்தேன்." குரல் இறங்கியது. "முடியல. பயமா இருக்குதுன்னு சொல்லணும் எனக்கு. யாருகிட்ட சொல்றது? சொன்னா ஒண்ணுமில்ல, புண்ணுதான்னு சொல்லுவீங்க. பயமா இருக்குதுங்க எனக்கு. அத ஒரு தடவ யாராவது கேளுங்க. அவ்ளோதான். கூட்டம் முடிஞ்சிச்சி."

மாமா நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் அவள் காலடியில் உட்கார்ந்து, அவள் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். யாரும் எழுந்து சாப்பிடப் போகவில்லை.

எத்தனை புத்தகம் படித்திருப்பேன். அந்தக் கடைசி அத்தியாயத்துக்கு முந்தைய பக்கங்களில் உண்மை தெரிந்த துப்பறிவாளன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எல்லாரோடும் உட்கார்ந்து தேநீர் குடித்திருப்பான், வானிலையைப் பற்றிப் பேசியிருப்பான். அந்த வீட்டிலேயே தனியாக இருந்தவன் அவன்தான். நாங்கள் அவளை இருட்டில் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, வெளிச்சத்தில் ஒண்டியாக விட்டுவிட்டோம். மூன்று மாதம். அவளுக்கு இருந்ததே ஐந்து மாதம்தான்.

அடுத்த சனிக்கிழமை, குவியலில் இருந்ததிலேயே பெரிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். பார்த்ததும் சிரித்தாள். "எந்தக் கடையில எடை போட்டு வாங்கின?" வயிற்றின்மேல் வைத்துப் படிக்க முடியவில்லை, வலித்தது. கையில் தூக்கவும் தெம்பில்லை. பிளேடு எடுத்து அதன் முதுகைக் கிழித்து ஐம்பது ஐம்பது பக்கமாகப் பிரிக்கச் சொன்னாள். புத்தகத்தின் ஓரம் மடித்தாலே அடிக்கிறவள். நான் அறுத்தேன். பிறகு அதுவும் முடியாமல்போய், நான் வாசிக்க அவள் கண்ணை மூடிக் கேட்டாள். நடுவில் நிறுத்தி, "பயமா இருக்குதுடா" என்பாள். "எனக்கும்தான்க்கா" என்பேன். "சரி, படி" என்பாள். எங்கள் வாழ்க்கையில் நாங்கள் பேசிய மிக நல்ல பேச்சு அதுதான்.

ஒரு புதன்கிழமை காலையில் போய்விட்டாள். நான் அங்கே இல்லை. செய்தது யார் என்று எழுப்பி நிறுத்த எனக்கும் ஆள் அகப்படவில்லை.

அதற்கு முந்தைய ஞாயிறு, நான்கு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவள் தூங்குவதாக நினைத்து, சத்தமில்லாமல் பையை எடுத்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"அடுத்த சனிக்கெழம வருவ இல்ல?"

"வருவேன்க்கா."

"நான் இருப்பனா?"

வாயில் அந்தப் பழைய பொய் தயாராக வந்து நின்றது. இருப்பக்கா, என்ன பேச்சு இது, என்று. அதை விழுங்க நேரம் பிடித்தது.

"தெரியலக்கா."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"ம். இப்பதான் எங்கூட ஒழுங்கா பேசற. கெளம்பு, பஸ்ஸு போயிடும்."